வகுப்பில் பாதி, வாத்தியார் வீட்டில் மீதி

(சாணார்பட்டியில், சேரிகளில் மாலை வகுப்பு எடுக்கும் மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



சாதிப் பேரையே ஊர்ப்பேராக வைத்திருக்கிற ஊரில் நின்றுகொண்டு கல்வியைப் பற்றிப் பேசுகிறோம். அது இருக்கட்டும். நான் பேச வந்தது டியூசனைப் பற்றி.

கணக்குக்கும் இங்கிலீசுக்கும் மட்டும் ஏன் டியூசன்? வரலாறு, புவியியலை நெட்டுருப் போட்டாவது ஒப்பேத்திடலாம். கணக்கு அப்படியில்லை. ஆறாம் வகுப்பில் பின்னம் புரியாமல் போன பிள்ளைக்கு எட்டாம் வகுப்பு இயற்கணிதம் வெறும் கிறுக்கல்தான். தப்புப் போட்ட அந்த நிமிசமே, 'இந்த இடத்துல விட்டுட்ட பாரு' என்று சொல்லப் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். இங்கிலீசுக்கும் பதில் பேச ஒரு வாய் வேண்டும். மூணு தலைமுறையாகப் படித்த வீட்டில் அந்த ஆள் அப்பாவாக, சித்தப்பாவாக வீட்டுக்குள்ளேயே இருக்கிறார். சேரியில் அப்பன் தோல் ஷாப்புக்கும் அம்மா பூ எடுக்கவும் போயிருக்கிறார்கள். வீட்டில் இல்லாத ஆளை மாசச் சம்பளத்துக்குப் பிடிப்பதுதான் டியூசன். ஆள் இருக்கிறவனும் காசு இருக்கிறவனும் வாங்குகிற மார்க்குக்குத்தான் 'தகுதி, திறமை' என்று பேர் வைத்திருக்கிறார்கள்.

இதைவிடக் கொடுமை, வகுப்பில் பாதியை நடத்திவிட்டு மீதியைத் தன் வீட்டில் வைத்து விற்கிற வாத்தியார். எல்லாரும் அப்படியில்லை, நம்ம பிள்ளைகளுக்காக உயிரைக் கொடுத்து நடத்துகிறவர்களும் உண்டு. ஆனால் 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம், 28ஆம் பிரிவு, ஆசிரியர் தனியாக டியூசன் எடுக்கக் கூடாது என்று நேராகவே சொல்கிறது. இது எத்தனை பெற்றோருக்குத் தெரியும்? டியூசன் வீடு ஊர்த்தெருவில் இருந்தால், காசு கொடுத்தாலும் நம்ம பிள்ளை செருப்பை எங்கே கழட்டுறது, தண்ணி கேக்கலாமா என்கிற கணக்கைத்தான் முதலில் போட வேண்டியிருக்கிறது.

1953இல் ராஜாஜி பள்ளி நேரத்தைக் குறைத்து, மிச்ச நேரத்தில் அப்பன் தொழிலைக் கத்துக்கோ என்றார். குலக்கல்வி என்று தமிழ்நாடே கொதித்தது. 1954இல் காமராசர் வந்ததும் அது ஒழிந்தது. இன்றைக்கு எந்தத் திட்டமும் போடாமலே அரைப் பள்ளிக்கூடம் நடக்கிறது. கொதிக்கத்தான் ஆளைக் காணோம்.

கொரோனாவுக்குப் பிறகு, 2021இல், அரசு 'இல்லம் தேடிக் கல்வி' கொண்டுவந்தது. முதலில் தொடங்கிய மாவட்டங்களில் திண்டுக்கல்லும் ஒன்று. காசில்லாமல் சாயங்காலப் படிப்பு சேரிக்குள்ளேயே வரமுடியும் என்று அது காட்டியது. ஆனால் பள்ளிக்கூடம் செய்யவேண்டிய வேலையை மாசம் 1000 ரூபாய் ஊக்கத்தொகைக்குத் தன்னார்வலர்கள் தலையில் ஏற்றியது.

நீங்கள் எடுக்கிற வகுப்பும் அப்படி ஆகிவிடக் கூடாது. பூ எடுக்கிறவங்களுக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. 4 கிலோ 250 கிராம் எடுத்தால், அந்த 250 கிராமை விட்டுவிட்டுக் கணக்கு முடிக்கிற ஆளும் இருக்கிறான். 4.25 என்று எழுதி, கூலியைப் பெருக்கி, அம்மாவிடம் காட்டச் சொல்லுங்கள். தசம கணக்கு அன்றைக்கே புரியும். அடுத்த நாள் அம்மா காட்டில் கேட்கிற கேள்வியும் வேறாக இருக்கும்.

இன்னொரு வேலை. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்கணும், பாதிப் பேர் பெண்களாக இருக்கணும் என்று அதே சட்டம் சொல்கிறது. நம்ம அம்மாக்கள் அதில் கையெழுத்துப் போட மட்டும் போகிறார்களா, பேசவும் போகிறார்களா? ஆளுக்கொரு நோட்டுப் போடுங்கள். எந்தத் தேதியில் கணக்கு நடத்தவில்லை, எந்தப் பாடம் பாதியில் நின்றது, பிள்ளைகளிடம் கேட்டு அன்றன்றைக்கே எழுதுங்கள். குழுக் கூட்டத்துக்கு முதல் நாள் ராத்திரி அந்த நோட்டை அம்மாக்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். பேசப் பயந்தால் நாலு பேராகப் போகட்டும்.