அடுத்த முறை பார்ப்போம்

நேயர்களே, ஐப்பசி பிறந்துவிட்டால் திருகோணமலைக் கடல் தன் குணத்தை மாற்றிக்கொள்ளும். வாடைக் காற்று எழும். வெளிக்கடற் கரையில் வள்ளங்களை மேலேற்றிவிட்டு மீனவர் வலை பொத்த உட்காருவர். உட்துறைமுகம் மட்டும் எக்காற்றுக்கும் அசையாமல் குளம்போற் கிடக்கும். அத்துறைமுகத்துக்கு அண்மையிலுள்ள ஒரு வீட்டுத் திண்ணையில், 2023ஆம் ஆண்டு நவம்பர் 2ஆந் திகதி இரவு, நானும் நண்பர் ஒருவரும் வானொலிப் பெட்டியின் முன் அமர்ந்திருந்தோம். துறைமுகத்திலே தொழில் பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். வயதில் மூத்தவராதலால் அண்ணர் என்பேன். பெயரைச் சொன்னால் கோபிப்பார்.

அன்று மும்பாயில் உலகக் கிண்ணக் கிரிக்கெட் போட்டி. இந்தியா 357 ஓட்டங்கள் எடுத்திருந்தது. நமது அணி 14 ஓட்டங்களுக்குள் 6 விக்கெட்டுகளை இழந்து, ஈற்றில் 55க்குச் சுருண்டது. தோல்வி 302 ஓட்டங்களால். நான் பெட்டியை நிறுத்தக் கை நீட்டினேன். அண்ணர் தடுத்தார். "பொறுங்கோ தம்பி, முழுவதையும் கேட்போம்" என்றார்.

அதற்கு மூன்று நாட்களுக்கு முன்னர்தான், கொடியை அசைத்தபடி மைதானந்தோறும் பல பத்தாண்டுகள் ஆரவாரஞ் செய்த பேர்சி அபேசேகர தமது 87ஆம் வயதிற் காலமானார். அதே நாளில் புனே நகரில் ஆப்கானிஸ்தானிடமும் தோற்றோம். அந்த உலகக் கிண்ணத்தில் ஒன்பது ஆட்டங்களில் இரண்டே வெற்றிகள். பத்து அணிகளுள் ஒன்பதாம் இடம். அதனால் 2025ஆம் ஆண்டுச் சாம்பியன்ஸ் கிண்ணத்தில் ஆடும் வாய்ப்பும் பறிபோயிற்று.

இத்தகைய ஒரு பருவத்தின் முடிவில் ஒருவர் எதைக் கொண்டு நம்பிக்கை வைப்பது? மறதிதான் நம்பிக்கைக்குத் தாய் என்று நான் எண்ணியிருந்தேன். அண்ணரோ எதையும் மறப்பவரல்லர். தோல்விகளை வட்டிக்கடைக்காரர் கணக்குப் போல ஒப்புவிப்பார். 1975இல் மூன்று ஆட்டங்களிலும் தோல்வி. 1979இல் இந்தியாவை வென்றது ஒன்று. 1983இல் நியூசிலாந்தை வென்றது ஒன்று. 1987இல் ஆறு ஆட்டங்கள், ஆறும் தோல்வி. 1992இல் இரண்டு வெற்றிகள். "ஐந்து உலகக் கிண்ணங்களில் நாலே நாலு வெற்றி, தம்பி. ஆறாவதில் என்ன நடந்தது?"

ஆறாவது 1996. லாகூரில் மார்ச் 17ஆந் திகதி. அவுஸ்திரேலியா 241 ஓட்டங்கள் எடுக்க, அரவிந்த டி சில்வா மூன்று விக்கெட்டுகளை வீழ்த்தியதோடு ஆட்டமிழக்காமல் 107 ஓட்டங்களும் குவித்தார். ஏழு விக்கெட்டுகளால் வெற்றி.

இங்கே அண்ணர் குரலைத் தாழ்த்தினார். அது போர்க்காலம். அவ்வாண்டு சனவரியிற் கொழும்பு மத்திய வங்கியில் குண்டு வெடித்தமையால் அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் இங்கு வந்து ஆட மறுத்திருந்தன. திருகோணமலையில் இருட்டிய பின் வீதியில் இறங்க அஞ்சிய நாட்கள். அந்த இரவிற் கதவைச் சாத்திக்கொண்டு ஒலியைக் குறைத்து வருணனை கேட்டவரிடம், அயல்வீட்டார் ஒருவர், "இதில் எங்களுக்கு என்ன அண்ணை?" என்று வினவினாராம்.

"இன்று வரை அந்தக் கேள்விக்கு என்னிடம் மறுமொழி இல்லை. ஆனால் முரளி பந்தைக் கையில் எடுத்தால் ஒலியைக் கூட்டுவேன்" என்றார்.

முத்தையா முரளிதரன் கண்டியிற் பிறந்த தமிழர். 1995 டிசம்பர் 26ஆந் திகதி மெல்பேணில், அவர் வீசும் முறை தவறானது என்று நடுவர் மீண்டும் மீண்டும் கைகாட்டினார். மூன்று மாதங்கூட ஆகவில்லை, கிண்ணம் வென்ற அணியில் நின்றார். 2010இல் காலி நகரில் 800ஆவது ரெஸ்ட் விக்கெட்டுடன் ஓய்வு பெற்றார். அண்ணரது கேள்விக்கு இவை விடையாகா. விடையில்லாமலே ஓர் அணியை நேசிக்க ஒரு மனிதரால் முடிந்திருக்கிறது என்பதைத்தான் நான் அன்று கண்டேன்.

அமெரிக்காவின் பேஸ்போல் இரசிகர் கதையொன்றை நானும் சொன்னேன். நியூயோர்க்கின் புரூக்ளின் டொஜர்ஸ் அணி 1941 முதல் 1953 வரை ஐந்து முறை இறுதித் தொடரில் அந்நகரத்து யாங்கீஸ் அணியிடமே தோற்றது. ஒவ்வொரு முறையும் இரசிகர், அடுத்த ஆண்டு வரட்டும் என்றனர். 1955இல் அவ்வாண்டு வந்தது. 1957ஆம் ஆண்டுப் பருவம் முடிந்ததும் அணியே லொஸ் ஏஞ்சலிஸ் நகருக்குக் குடிபெயர்ந்துவிட்டது!

அண்ணர் சிரித்தார். அதே 1957இல் பிரித்தானியக் கடற்படை திருகோணமலைத் தளத்தைக் கையளித்துச் சென்றது. அவர் தந்தையார் அத்தளத்தில் வேலை செய்தவர். "போனவர்கள் போகட்டும் தம்பி. துறைமுகம் போகவில்லையே."

அதன் பின் நிகழ்ந்தவற்றை நேயர்கள் அறிவர். 2024 யூன் மாதம் இருபது ஓவர் உலகக் கிண்ணத்தில் முதற் சுற்றோடு வெளியேறினோம். ஓகஸ்டில் அதே இந்தியாவை ஒருநாள் தொடரில், 27 ஆண்டுகளின் பின், 2–0 என வென்றோம். செப்டம்பரில் இலண்டன் ஓவல் மைதானத்தில் பதும் நிசங்க ஆட்டமிழக்காது 127 ஓட்டங்கள் எடுக்க, இங்கிலாந்தை ரெஸ்ட் போட்டியொன்றில் வீழ்த்தினோம். ஓடிச்சென்று அண்ணரிடம், "நீங்கள் சொன்னபடி வென்றுவிட்டோம்" என்றேன். அவர் முகஞ் சுளித்தார். "வெல்வோம் என்று நான் எப்போது சொன்னேன்? பார்ப்போம் என்றல்லவோ சொன்னேன்!"

உண்மைதான். அவர் ஒருகாலும் வெல்வோம் என்றதில்லை.

அண்மையில் அவர் வீட்டுக்குச் சென்றபோது, அப்பியாசக் கொப்பியொன்றில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். 2027ஆம் ஆண்டு உலகக் கிண்ணம் தென்னாபிரிக்கா, சிம்பாப்வே, நமீபியா ஆகிய நாடுகளில் நடைபெறவிருக்கிறது. தென்னாபிரிக்காவிற் காலை பத்து மணியென்றால் நமக்குப் பிற்பகல் ஒன்றரை. நித்திரை கெட வேண்டியதில்லை என்று கணக்கிட்டு வைத்திருந்தார். "நாம் தகுதி பெற்றால்..." என்று நான் இழுத்தேன். கண்ணாடிக்கு மேலாக என்னை முறைத்துவிட்டு, வானொலிக்கு நான்கு பற்றரி வாங்கி வரும்படி காசை நீட்டினார்.