என் மகன் கேட்ட கேள்வி
(நிந்தவூர்க் கூட்டத்தில் ஆற்றிய உரை)



2020 மார்ச் 20ஆம் திகதி நாடெங்கும் ஊரடங்கு வந்தது. உழவனுக்கு வயலுக்குச் செல்ல அனுமதியிருந்தது. வழக்கறிஞனுக்கோ வீடே கதி. என் பிள்ளைகள் எந்தெந்த வகுப்பிற் படிக்கின்றனர் என்பதையே அப்பொழுதுதான் சரிவர அறிந்தேன். சிரிக்கிறீர்கள், உங்களிற் பலரும் அவ்வாறே! ஒரு கைத்தொலைபேசியை மூவரும் பாடத்துக்காகப் பங்கிட்டனர். நோன்பு மாதத்தில் பள்ளிவாசல் பூட்டியிருந்தமையால், கூடத்திற் பாய் விரித்து நானே தராவீஹ் தொழுவித்தேன். பின்வரிசையில் என் உம்மா.

ஓரிரவு தொழுகை முடிந்ததும் இளைய மகன் கேட்டான்: "வாப்பா, மூத்தம்மா மௌத்தானா அவங்களையும் எரிப்பாங்களா?"

சட்டம் படித்த எனக்கு விடை தெரியும், அதுவே கொடுமை. 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தற் கட்டளைச் சட்டத்தின் கீழ் 2020 ஏப்ரல் 11இல் வெளியான வர்த்தமானி, கொரோனாவில் இறந்தோர் அனைவரையும் எரிக்கப் பணித்தது. அடக்கமும் செய்யலாமென உலக சுகாதார நிறுவனம் கூறியதை அரசு செவிமடுக்கவில்லை. டிசம்பர் 1இல் உயர் நீதிமன்றம், காரணங் கூறாமலே, மனுக்களை விசாரணைக்கு ஏற்க மறுத்தது. அதே மாதம் கொழும்பிற் பிறந்து இருபதே நாளான சிசுவொன்றை எரித்தனர். கனத்தை மயான வேலியில் எல்லா மதத்தவரும் வெள்ளைத் துணி கட்டினர். அதை நான் மறவேன்.

2021 மார்ச்சிலேயே ஓட்டமாவடியில் மண் கிடைத்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. மன்னிப்பை ஏற்கிறேன். ஆயினும் எந்த ஆதாரத்தில், எவர் அறிவுரையில் எரித்தீர்கள் என்பதை எழுத்திற் தாருங்கள் என்கிறேன். என் மகனுக்கு இப்பொழுது அதனை வாசித்து விளங்கிக்கொள்ளும் வயது.