வாக்காளர் பட்டியலும் நம் கைபேசிச் செய்திகளும்

(2025 டிசம்பர் கடைசி வாரத்தில் நாமகிரிப்பேட்டையில் நடைபெற்ற மதரஸா பெற்றோர் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





கல்வி உதவித் தொகை பற்றித் தலைவர் அவர்கள் விரிவாகச் சொல்லிவிட்டார்கள். நாங்கள் பேச வந்தது எஸ்.ஐ.ஆர். என்று எல்லோர் வாயிலும் அடிபடுகிற வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் பற்றி.

டிசம்பர் 19 அன்று வரைவுப் பட்டியல் வெளியானது. திருத்தத்துக்கு முன் தமிழ்நாட்டில் 6 கோடியே 41 லட்சம் வாக்காளர்கள் இருந்தார்கள். வரைவில் இருப்பவர்கள் 5 கோடியே 43 லட்சம். 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இல்லை. அன்று இரவே இரண்டு விதமான செய்திகள் நம் கைபேசிகளுக்கு வந்து சேர்ந்தன. ஒன்று, 97 லட்சம் போலி ஓட்டுகள் ஒழிந்தன என்றது. இன்னொன்று, 97 லட்சம் பேரின் ஓட்டு பறிபோனது, அதில் பெரும்பகுதி நம்மவர்கள் என்றது. இரண்டையும் அனுப்பியவர்களில் எத்தனை பேர் தங்கள் வாக்குச்சாவடியின் பட்டியலைத் திறந்து பார்த்தார்கள்?

தேர்தல் ஆணையம் தந்த கணக்கைப் பாருங்கள். இறந்தவர்கள் ஏறத்தாழ 27 லட்சம். இரண்டு இடங்களில் பெயர் இருந்தவர்கள் 3 லட்சத்துக்கும் மேல். குடிபெயர்ந்தவர்கள், முகவரியில் காணப்படாதவர்கள் 66 லட்சத்துக்கும் மேல். முதல் இரண்டு வகையில் தவறாகச் சேர்க்கப்பட்டவர்கள் போக, மற்றவர்களை நீக்கியதை யாரும் குறை சொல்ல முடியாது. கவலை அந்த 66 லட்சத்தில்தான். அவர்கள் போலிகளும் அல்லர், எல்லோரும் அநியாயமாக நீக்கப்பட்டவர்களும் அல்லர். லாரியில் ஆந்திரா போய்ப் பத்து நாள் கழித்து வருகிறவர், திருப்பூரில் வாடகை வீட்டில் இருக்கிறவர், ஆத்தூருக்குக் கட்டிக்கொடுத்த மகள், பி.எல்.ஓ. வந்தபோது வீட்டைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போயிருந்தவர் எல்லோரும் அந்த ஒரே எண்ணுக்குள் இருக்கக்கூடும். எந்தத் தொலைக்காட்சியும் இவர்களைத் தனித்தனியாகப் பிரித்துச் சொல்லாது. நாம்தான் பார்க்க வேண்டும்.

அரசியல் கட்சிகள் இதில் இரண்டாகப் பிரிந்து நிற்கின்றன. நவம்பர் 2 அன்று முதலமைச்சர் தலைமையில் கூடிய அனைத்துக் கட்சிக் கூட்டம் இத்திருத்தத்தை எதிர்த்தது, தி.மு.க. உச்ச நீதிமன்றம் போனது. அ.தி.மு.க.வும் பா.ஜ.க.வும் திருத்தம் தேவை என்கின்றன. நம் ஜமாஅத்திலேயே அத்தா ஒரு கட்சி, மகன் ஒரு கட்சி என்று இருக்கிறோம். இந்த அறக்கட்டளை யாருக்கும் கொடி பிடிக்காது. ஆனால் எங்கள் கருத்தை மறைக்கவும் வேண்டியதில்லை. இத்தனை கோடிப் பேரின் படிவங்களை மழைக்காலத்தில் சில வாரங்களுக்குள் வாங்கி முடிக்க முனைந்தது அவசரமான காரியம். 2002, 2005 பட்டியலில் தன் பெயரையோ பெற்றோர் பெயரையோ தேடிக் காட்டு என்பது, படித்தவர்களுக்கே தலைசுற்றும் வேலை. 2008-இல் தொகுதி எல்லைகள் மாறிய பிறகு பழைய தொகுதி எது, பாகம் எது என்று யாருக்கு நினைவிருக்கிறது? அதேசமயம், மையத்தான்கரையில் அடக்கம் செய்து பத்து வருடமான ஒருவரின் பெயர் பட்டியலில் தொடர்வதையும் நாம் நியாயப்படுத்த முடியாது.

நம் பெயர்களுக்கென்றே ஒரு தொல்லை உண்டு. முஹம்மது, முகமது, மொகமது என்று ஒரே ஆளுக்கு மூன்று எழுத்து. உருது பேசும் குடும்பங்களில் ‘பீ’ என்றிருப்பது அடுத்த ஆவணத்தில் ‘பேகம்’ ஆகிறது. கல்யாணத்துக்கு முன் தகப்பன் பெயர், பின்பு கணவன் பெயர். இது புதிய சங்கதி அல்ல. 1951-52இல் நடந்த முதல் பொதுத் தேர்தலுக்குப் பட்டியல் தயாரித்தபோது, ஏராளமான பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லாமல் இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே பதிந்திருந்தார்கள். அப்படிப்பட்ட சுமார் 28 லட்சம் பெண்களின் பெயர்கள் நீக்கப்பட்டன. பெரும்பாலும் வட இந்தியாவில். முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் காலத்துச் செய்தி அது. அதனால் தாய்மார்களே, உங்கள் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதை வீட்டு ஆண்களிடம் விட்டுவிடாமல் நீங்களே பாருங்கள்.

இனி செய்திகளின் நேர்மை பற்றி. 2020-இல் கொரோனா தொடங்கிய நாட்களில் தப்லீக் ஜமாஅத்தைப் பற்றி ஊடகங்கள் பேசியதை நாம் மறக்கவில்லை. அந்த ஆண்டு ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, ஜமாஅத்துக்கு வந்த வெளிநாட்டவர்கள் மீதான வழக்குகளை ரத்து செய்தது. அவர்களுக்கு எதிராக அச்சு ஊடகத்திலும் காட்சி ஊடகத்திலும் பெரும் பிரச்சாரம் நடந்ததையும் தீர்ப்பில் குறிப்பிட்டது. தீர்ப்பு வந்தபோது அதைக் கேட்க யார் உட்கார்ந்திருந்தார்கள்? 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்களைத் தமிழர்கள் அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் வட நாட்டில் பரவின. அப்போது குற்றம் சாட்டப்பட்டவர்கள் தமிழர்கள் எல்லோரும். இந்த வலி தெரிந்த நாம், விசாரிக்காத செய்தியை இன்னொருவருக்குத் தள்ளிவிடலாமா? கேட்டதைத் தீர விசாரித்துத் தெளிந்துகொள்ளும்படி மார்க்கம் நமக்குக் கட்டளையிடுகிறது. நமக்கு ஆதரவான செய்திக்கு அதில் விலக்கு இல்லை. படிவத்தில் கையெழுத்துப் போட்டால் குடியுரிமை போய்விடும் என்று சொன்ன குரல் பதிவை நம்பிப் படிவத்தைத் திருப்பித் தராமல் விட்டவர்களுக்குத்தான் இப்போது பட்டியலில் பெயர் இல்லை. அந்தக் குரல் யாருடையது என்று இன்றுவரை தெரியாது.

பொய் இல்லாமல் போராடினால் என்ன நடக்கும் என்பதற்கு பீகாரே சாட்சி. அங்கே வரைவில் 65 லட்சம் பெயர்கள் விடுபட்டன. ஆகஸ்ட் 12 அன்று யோகேந்திர யாதவ், இறந்துவிட்டதாகப் பதியப்பட்ட இருவரை உச்ச நீதிமன்றத்தில் நேரில் கொண்டுவந்து நிறுத்தினார். இரண்டு நாள் கழித்து, விடுபட்ட ஒவ்வொரு பெயரையும் காரணத்தோடு வெளியிடும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. செப்டம்பரில் ஆதாரையும் ஏற்கச் சொன்னது. நம் ஊரிலும் விடுபட்டவர்களின் பட்டியல் காரணத்தோடு கிடைக்கிறதென்றால், அந்த வழக்கு ஒரு காரணம். அரசியல் சண்டையால் இப்படியும் நன்மை வருகிறது. நம் தெருவில் உயிரோடு இருந்தும் இறந்தவராகப் பதியப்பட்டவர் ஒருவர் இருந்தாலும், பெயர், பாகம், வரிசை எண்ணோடு எங்களிடம் சொல்லுங்கள்.

ஜனவரி 18 வரை விண்ணப்பிக்கலாம். பெயர் விடுபட்டவர்கள், புதிதாக 18 வயது ஆனவர்கள் படிவம் 6-ஐ உறுதிமொழிப் படிவத்தோடு தர வேண்டும். எழுத்துப்பிழை, முகவரி மாற்றத்துக்குப் படிவம் 8. வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகளுக்குப் படிவம் 6-ஏ. பாஸ்போர்ட்டில் உள்ள ஊர் முகவரியில் பதியலாம், ஆனால் ஓட்டுப் போட நேரில் வந்தாக வேண்டும். அவர்களை ஊரில் இருப்பதாகக் காட்டிப் படிவம் 6 எழுத வேண்டாம். பொய் உறுதிமொழிக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. நம் பெயர் மீது வேண்டுமென்றே பொய்யாகப் படிவம் 7-இல் ஆட்சேபணை தருகிறவருக்கும் அதே சட்டம்தான்.

வரைவில் பெயர் இருந்தும் பழைய பட்டியலோடு பொருந்தாதவர்களுக்கு நோட்டீஸ் வரலாம். பயப்பட வேண்டாம், விசாரணைக்குப் போகாமலும் இருக்க வேண்டாம். பிறப்புச் சான்று, பாஸ்போர்ட், பத்தாம் வகுப்புச் சான்றிதழ், சாதிச் சான்று இவற்றில் இருப்பதை எடுத்து வையுங்கள். ரேஷன் கார்டும் டிரைவிங் லைசென்ஸும் அந்தப் பட்டியலில் இல்லை. பதிவு அலுவலர் பெயரை நீக்கினால் 15 நாளுக்குள் கலெக்டரிடம் மேல்முறையீடு செய்யலாம். இறுதிப் பட்டியல் பிப்ரவரி 17 என்று அறிவித்திருக்கிறார்கள்.

நாளை முதல் தினமும் அஸர் தொழுகைக்குப் பின் மஃரிப் வரை மதரஸா முன் அறையில் நம் பிள்ளைகள் நால்வர் பட்டியலோடு உட்காருவார்கள், இன்ஷா அல்லாஹ். வாக்காளர் அட்டையும் ஆதாரும் எடுத்து வாருங்கள். மஞ்சள் மண்டியில் சுமை தூக்கும் நம் பக்கத்து வீட்டுக்காரர்களையும், அவர்கள் எந்தச் சமயத்தவராக இருந்தாலும், கூட்டி வாருங்கள். எந்தக் கட்சி என்று யாரும் கேட்க மாட்டார்கள். பெண்களுக்கு ஞாயிறு காலை 10 மணி முதல் லுஹர் வரை தனியாக ஏற்பாடு செய்திருக்கிறோம்.

வஸ்ஸலாம்.