பேற்றறையிலும் உரிமை உண்டு
(கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



அரசியல் மேடையில் பிள்ளைப்பேற்றைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் வியக்கக்கூடும். ஒருவருடைய உடலில் அவர் அறியாமலும் சம்மதியாமலும் கத்தி படலாமா என்பது உரிமைப் பிரச்சினையேயாகும். ஆதலினாலேயே இதனை இன்று எடுத்துக்கொண்டோம்.

வைத்தியசாலையை நாம் பழிக்க வரவில்லை. பேற்றின்போது தாய்மார் மாண்ட கொடுமையை இந்நாட்டிற் பெரிதும் குறைத்தவர்களுள் பயிற்சி பெற்ற மருத்துவிச்சிகளும் தாதியரும் வைத்தியருமே முன்னிற்கின்றனர். குருதிப்பெருக்கும் வலிப்பும் நேரும்போது விரைந்த சிகிச்சையே உயிர்காக்கும். அதை மறுப்பது மடமை.

ஆனால், தேவை கருதிச் செய்யும் சிகிச்சை வேறு. வழக்கம் கருதிச் செய்யும் சிகிச்சை வேறு. உலக சுகாதார நிறுவனம் 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட பரிந்துரைகள் கூறுவதென்ன? கருப்பை வாய் மணிக்கு 1 சென்ரிமீற்றர் விரியவில்லை என்ற ஒரே காரணத்துக்காக வைத்தியர் வழக்கமாகத் தலையிடலாகாது. இயல்பாகப் பிள்ளை பெறுவோர் எல்லோருக்கும் பிறப்புவாயிலை வெட்டித் தைப்பது வேண்டுவதன்று. தாய் விரும்பும் துணையொருவர் அருகிலிருத்தல் வேண்டும். அவள் எழுந்து நடமாடவும் இடமளித்தல் வேண்டும்.

கதிரை இழுத்து நெல்லை முற்றச்செய்யும் கமக்காரர் உங்களில் எவரேனும் உண்டோ? பயிரைக் கண்காணித்துக் காத்திருக்கிறீர்கள். நோய் கண்டால் உடனே மருந்திடுகிறீர்கள். காத்திருத்தல் கவனமின்மையன்று.

சட்டம் சொல்வதையும் கேளுங்கள். 2015ஆம் ஆண்டில், மொன்ற்கொமரி வழக்கில், ஐக்கிய இராச்சியத்தின் உச்ச நீதிமன்றம், முக்கியமான ஆபத்துகளையும் மாற்று வழிகளையும் எடுத்துரைப்பது வைத்தியரின் கடமை என்று தீர்ப்பளித்தது. அவ்வழக்கிலே தாய்க்குச் சொல்லப்படாதது இயல்பான பேற்றின் ஆபத்தாகும். ஆகவே, இவ்வுரிமை கத்திக்குச் சார்பானதுமன்று, எதிரானதுமன்று. அறிந்து முடிவுசெய்யும் உரிமையாகும். அத்தீர்ப்பு எம்மைக் கட்டுப்படுத்தாதெனினும் அதன் நியாயம் எமக்கும் பொருந்தும்.

எனவே, வலி தொடங்குமுன்னரே, மாதாந்தச் சிகிச்சை நிலையத்திலேயே கேளுங்கள்: இது எதற்காக? வேறு வழி உண்டா? சற்றுக் காத்திருக்கலாமா? கேள்வி கேட்கும் தாய் வைத்தியருக்குப் பகையல்லள். துணைவருக்கு இடமும், தமிழில் விளக்கமும் ஒவ்வொரு மகப்பேற்று விடுதியிலும் வேண்டுமென்று நாமனைவரும் ஒருமுகமாகக் கோருவோம்.

காணி உறுதியை வாசித்துப் பாராமல் நாம் கையொப்பமிடுவதில்லை. பேற்றறையில் நீட்டப்படும் சம்மதப் பத்திரத்தில் மட்டும் எம் பெண்கள் வாசியாமலே கையொப்பமிடலாமோ?