கோடைத் தோட்டத்தில் ஒளிப்படம்

தில்லியில் வெயில் 40 பாகையைக் கடக்கும் மே மாதத்திலேதான் சரக்கொன்றை பூத்துக் குலுங்குகிறது. அதனைப் படம்பிடிக்க உகந்த வேளை, கதிரெழுந்த முதல் ஒரு மணி நேரமாகும்; உச்சிவெயிலில் மஞ்சள் நிறம் வெளிறிவிடும். செம்பருத்தியை நாடிவரும் ஊதாத் தேன்சிட்டின் சிறகசைவைத் தெளிவாகப் பதிக்க ஷட்டர் வேகம் 1/1000 நொடிக்கும் குறைவாக இருத்தல் வேண்டும்.

தேன்சிட்டு தன் கூட்டைத் தாழ்ந்த கிளையிலும் தொங்கவிடும். படம் துலங்க வேண்டுமென்று அதை மறைக்கும் இலைகளை ஒடித்துவிடாதீர்கள். நிழலிழந்த குஞ்சுகள் வெப்பத்தில் வாடும். காக்கையும் கூட்டைக் கண்டுகொள்ளும். அதற்கு மாறாக, மரநிழலில் மண்சட்டி நிறையத் தண்ணீர் வைத்து, எட்ட அமர்ந்து காத்திருங்கள். மைனாவும் கொண்டைக்குருவியும் தாகம் தீர்க்கத் தாமே வந்து அமரும். இன்று தவறிய படத்தை நாளை எடுத்துக்கொள்ளலாம்.