தலைநகரின் மாநகராட்சித் தேர்தல்: வாக்குரிமையும் வாக்கின் மதிப்பும்

(உரையின் எழுத்து வடிவம்)



மக்களாட்சி என்றதும் நாடாளுமன்றமும் சட்டமன்றமுமே பலருடைய நினைவுக்கு வருகின்றன. ஆனால் குடிமகன் அரசை அன்றாடம் சந்திக்கும் இடம் அவையல்ல. தெருமுனையில் தேங்கும் குப்பை, எரியாத தெருவிளக்கு, குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், தொடக்கப் பள்ளி, கொசு ஒழிப்பு, இறுதியாக மயானம் ஆகிய அனைத்தும் தில்லியில் மாநகராட்சியின் பொறுப்பில் உள்ளவை. பிறப்பு முதல் இறப்பு வரை மனிதனுடன் வருகின்ற இந்த ஆட்சியைத் தேர்ந்தெடுக்கும்போதுதான் மக்களின் ஆர்வம் மிகக் குறைவாக இருக்கிறது. மக்களின் அலட்சியமே இதற்குக் காரணம் என்று கூறி அமைந்துவிடுவது எளிது. தில்லி மாநகராட்சியின் வரலாற்றைச் சீர்தூக்கிப் பார்ப்போருக்கு வேறொரு விடை கிடைக்கும்.

எண்கள் கூறும் செய்தி

தில்லி மாநகராட்சிக்கு 2022 டிசம்பர் 4 அன்று 250 வார்டுகளில் தேர்தல் நடைபெற்றது. வாக்காளர் பட்டியலில் ஏறத்தாழ 1 கோடியே 45 லட்சம் பேர் இடம்பெற்றிருந்தனர். அவர்களில் சற்றேறக்குறையப் பாதிப் பேரே வாக்களித்தனர். 2017 ஆம் ஆண்டு மாநகராட்சித் தேர்தலில் பதிவான வாக்குகள் 53 சதவீதத்துக்குச் சற்று மேல். இடையில் 2020 இல் நடந்த சட்டமன்றத் தேர்தலில் இதே நகரம் 62 சதவீதத்துக்கு மேல் வாக்களித்தது. எனவே தில்லி மக்களுக்கு வாக்களிக்கும் பழக்கம் இல்லை என்று கூற இயலாது. எந்த மன்றத்துக்கான தேர்தல் என்பதை அவர்கள் எடைபோடுகின்றனர் என்பதே உண்மை.

இது தில்லிக்கு மட்டும் உரிய நிலையன்று. 2022 பிப்ரவரியில் நடைபெற்ற தமிழ்நாட்டு நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் மாநில அளவில் 60 சதவீதம் பேர் வாக்களித்தபோது, சென்னையில் வாக்களித்தோர் பாதிக்கும் குறைவு. உள்ளாட்சியின் தாயகம் என்று போற்றப்படும் இங்கிலாந்தில், பொதுத் தேர்தலுடன் சேராத ஆண்டுகளில் மாவட்ட மன்றங்களுக்கு வாக்களிப்போர் பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்கினரே. அங்கு ஒரு மாவட்ட மன்ற உறுப்பினர் சில ஆயிரம் வாக்காளர்களின் சார்பாளர். தில்லியிலோ ஒரு கவுன்சிலருக்குச் சராசரியாக 58,000 வாக்காளர்கள் உள்ளனர். வாக்காளருக்கும் உறுப்பினருக்கும் இடையிலான தொலைவு மட்டுமே வாக்களிப்பைத் தீர்மானிப்பதாயின், இங்கிலாந்தில் வாக்குச் சாவடிகள் நிரம்பி வழிய வேண்டும். அவ்வாறு நிகழாததால், காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டியுள்ளது. மன்றத்தின் கையில் என்ன இருக்கிறது என்பதே முதற் கேள்வி.

சுருங்கிய அதிகாரங்கள்

நகர ஆட்சி தில்லிக்குப் புதிதன்று. 1863 லேயே இங்கு நகராட்சி செயல்படத் தொடங்கியது. விடுதலைக்குப் பின் 1957 ஆம் ஆண்டுத் தில்லி மாநகராட்சிச் சட்டம் இயற்றப்பட்டு, 1958 ஏப்ரலில் மாநகராட்சி உருப்பெற்றது. சிதறிக் கிடந்த பல உள்ளாட்சி அமைப்புகள் ஒன்றாக இணைக்கப்பட்டன. விடுதலைப் போராட்ட வீராங்கனை அருணா ஆசப் அலி முதல் மேயராகப் பொறுப்பேற்றார்.

அன்றைய மாநகராட்சியின் கையில் பேருந்து, மின்சாரம், குடிநீர் ஆகிய மூன்றும் இருந்தன. பேருந்துப் போக்குவரத்து 1971 இல் தனிக் கழகத்திடம் சென்றது. மின் வழங்கல் 1997 இல் தனி வாரியமாயிற்று. குடிநீரும் கழிவுநீரும் 1998 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே வேறொரு வாரியத்தின் பொறுப்பாயின. இம்மாற்றங்கள் ஒவ்வொன்றுக்கும் நிர்வாக நியாயம் உண்டு. ஆயினும் அனைத்தையும் சேர்த்துக் காணும்போது, ஒரு கவுன்சிலரின் வேலை வரம்பு தலைமுறைக்குத் தலைமுறை குறுகி வந்திருப்பது கண்கூடு. வீட்டுக்கு நீர் வரவில்லையெனில் ஓரிடம், சாக்கடை வழிந்தால் பிறிதோரிடம், பெருஞ்சாலை பழுதானால் மற்றோரிடம் என்று அலைய நேரும் குடிமகன், தான் அளித்த வாக்கு எங்கே வேலை செய்கிறது என்று கேட்பதில் வியப்பில்லை.

இதனினும் வியப்பானது மற்றொன்று. மாநகராட்சியின் பரப்பு ஏறத்தாழ 1,397 சதுர கிலோமீட்டர். அதன் நடுவே ஏறத்தாழ 43 சதுர கிலோமீட்டர் பரப்பில் புது தில்லி நகராட்சி மன்றம் உள்ளது. 1994 ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கு வார்டுத் தேர்தல் கிடையாது. மத்திய அரசு நியமிக்கும் தலைவரும், அப்பகுதியின் நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களும், நியமனம் பெற்ற ஏனையோரும் அதன் உறுப்பினர்கள். சாலையின் ஒரு புறத்தில் வாழும் குடும்பம் கவுன்சிலரைத் தேர்ந்தெடுக்கிறது. எதிர்ப்புறத்தில் வாழும் குடும்பத்துக்கு அவ்வுரிமை இல்லை. தேர்தல் இல்லாத பகுதியில்தான் சாலைகள் செம்மையாக உள்ளன என்று சிலர் சுட்டிக்காட்டுவர். ஆட்சியின் தலைமையிடமாகிய அப்பகுதியின் மக்கள்தொகையும் வருவாயும் வேறு. மாநகராட்சிப் பகுதியில் அடங்கிய குடியேற்றங்களின் தேவைகள் வேறு. இவ்விரண்டையும் ஒரே தராசில் நிறுத்தித் தேர்தலையே குறை கூறுவது முறையன்று.

காலந்தவறிய தேர்தல்கள்

வாக்கின் மதிப்பைக் குறைக்கும் இரண்டாவது காரணம் காலந்தாழ்த்தல். 1983 இல் தேர்தல் கண்ட தில்லி மாநகராட்சி, அடுத்த தேர்தலைக் கண்டது 1997 இல்தான். இடையில் 1990 முதல் ஏழாண்டுகள் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை. சென்னை மாநகராட்சியின் நிலை இதனினும் கடினமானது. 1973 இல் கலைக்கப்பட்ட மன்றம் 1996 இல்தான் மீண்டும் அமைந்தது. இருபத்துமூன்று ஆண்டுகள் என்பது ஒரு முழுத் தலைமுறை. வாக்களிக்கும் வயதை எட்டிய இளைஞர் தம் நடுவயதில்தான் முதன்முதலாக ஒரு கவுன்சிலரைத் தேர்ந்தெடுத்திருப்பார்.

இந்நிலையை மாற்றுவதற்காகவே 1992 இல் நிறைவேறிய அரசியலமைப்பின் 74 ஆவது திருத்தம் 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. மன்றத்தின் ஆயுள் ஐந்தாண்டு. அது முடிவதற்குள் அடுத்த தேர்தல் நடைபெற வேண்டும். இடையில் கலைக்கப்பட்டால் ஆறு மாதங்களுக்குள் தேர்தல். இவ்வளவு தெளிவாக எழுதிய பின்னரும் இடைவெளிகள் நேர்ந்தே வந்துள்ளன. தமிழ்நாட்டில் 2016 இல் நடைபெற்றிருக்க வேண்டிய நகர்ப்புறத் தேர்தல் 2022 இல்தான் நடந்தது.

தில்லியில் 2012 இல் மாநகராட்சி வடக்கு, தெற்கு, கிழக்கு என மூன்றாகப் பிரிக்கப்பட்டது. வார்டுகள் 104, 104, 64 எனப் பங்கிடப்பட்டன. வருவாயோ வார்டுகளின் எண்ணிக்கையைப் பின்பற்றவில்லை. வரி மிகுதியாகக் கிடைக்கும் பகுதிகள் ஒரு புறமும், துப்புரவுத் தேவை மிகுந்த பகுதிகள் மறுபுறமும் அமைந்தன. ஊதியம் தாமதமானதால் துப்புரவுப் பணியாளர் வேலை நிறுத்தம் செய்ய, குப்பை தெருவில் குவிந்த நாட்களைக் கிழக்குத் தில்லி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். இக்குறையைக் களைய 2022 இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி மூன்றையும் மீண்டும் ஒன்றாக்கியது. வார்டுகள் 272 இலிருந்து 250 ஆகக் குறைந்து மறுவரையறை பெற்றன. ஒருங்கிணைப்புக்கான பொருளாதாரக் காரணம் வலுவானது. ஆயினும் அதற்கொரு விலையும் இருந்தது. 2022 மே மாதத்திலிருந்து தேர்தல் முடியும்வரை மன்றத்தின் அதிகாரம் ஒரு சிறப்பு அதிகாரியிடம் இருந்தது.

சீரமைப்புக்காகத் தேர்தலைத் தள்ளி வைப்பது பிற நாடுகளிலும் உண்டு. இங்கிலாந்தில் கவுண்டி, மாவட்டம் என்னும் இரண்டடுக்கு மன்றங்களை ஒன்றாக்கும் திட்டத்தை முன்னிட்டு, 2025 மே மாதத்தில் ஒன்பது மன்றங்களின் தேர்தல் தள்ளி வைக்கப்பட்டது. அங்கும் அது எதிர்ப்புக்கு உள்ளாயிற்று. கட்டடத்தைப் பழுது பார்க்கும் காலத்தில் குடியிருப்போர் எங்கே இருப்பது என்பதை முன்கூட்டியே தீர்மானிப்பதுபோல, சீரமைப்புச் சட்டத்திலேயே தேர்தல் நாளையும் வரையறுப்பது நன்று.

தேர்தலுக்குப் பிந்தைய காத்திருப்பு

வாக்குகள் எண்ணப்பட்டதும் மன்றம் இயங்கத் தொடங்கிவிடும் என்பது மக்களின் நம்பிக்கை. தில்லியில் 2022 டிசம்பர் 7 அன்று முடிவுகள் வெளியாயின. மேயரைத் தேர்ந்தெடுக்க 2023 ஜனவரி 6, ஜனவரி 24, பிப்ரவரி 6 ஆகிய மூன்று நாட்களில் கூடிய கூட்டங்களும் பூசலில் முடிந்தன. நியமன உறுப்பினர் பதின்மருக்கு மேயர் தேர்தலில் வாக்குரிமை உண்டா என்பது வழக்காயிற்று. இல்லை என்று உச்ச நீதிமன்றம் பிப்ரவரி 17 அன்று தெளிவுபடுத்திய பின், பிப்ரவரி 22 அன்று ஷெல்லி ஓபராய் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். முடிவு வெளியானதற்கும் மேயர் அமர்ந்ததற்கும் இடையே பதினொரு வாரங்கள் கழிந்தன.

நிலைக்குழுவின் கதை இன்னும் நீண்டது. பதினெட்டு உறுப்பினர் கொண்ட இக்குழுவே மாநகராட்சியின் நிதி வாயில். ரூ.5 கோடிக்கு மேற்பட்ட ஒப்பந்தங்கள் அப்போது இதன் ஒப்புதலைப் பெற வேண்டியிருந்தன. இக்குழு முழுமையாக அமைவதற்கு 2025 வரை காத்திருக்க நேர்ந்தது. காசிப்பூர், பல்ஸ்வா, ஓக்லா ஆகிய மூன்றிடங்களிலும் மலைபோல் எழுந்த குப்பை மேடுகளைப் பற்றியே 2022 தேர்தலில் எல்லாத் தரப்பினரும் பேசினர். அம்மேடுகளைக் குறைக்கும் பணிகளுக்குப் பெரும் ஒப்பந்தங்கள் தேவை. ஒப்பந்தங்களுக்குக் குழுவின் ஒப்புதல் தேவை. மன்றத்தின் ஐந்தாண்டு ஆயுளில் பாதி இதற்கே கழியுமாயின், அடுத்த தேர்தலில் வாக்காளரை எந்த முகத்துடன் அழைப்பது?

பணமும் கணக்கும்

உள்ளாட்சியின் உயிர்நாடி நிதி. இந்திய நகராட்சிகள் அனைத்தின் வருவாயையும் கூட்டினாலும் அது நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ 1 சதவீதமே என்று ரிசர்வ் வங்கியின் 2022 ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. இவ்வளவு சிறிய பையிலிருந்து இவ்வளவு பெரிய நகரங்களைப் பேணுவது அரிது. ஆகவே வாக்கும் வரியும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதை மக்கள் உணர்தல் இன்றியமையாதது. தில்லியில் சொத்து வரியைக் குடிமக்கள் தாமே கணக்கிட்டுச் செலுத்தும் முறை 2004 முதல் உள்ளது. செலுத்திய தொகை தம் வார்டுக்கு எவ்வாறு திரும்பி வருகிறது என்பதை அவர்கள் அறியும் வழிதான் போதிய அளவு இல்லை. இங்கிலாந்தில் வீட்டுக்கு வரும் உள்ளாட்சி வரிச் சீட்டில் கவுண்டிக்கு எவ்வளவு, மாவட்டத்துக்கு எவ்வளவு, காவல் துறைக்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டப்படுகிறது. வாக்களிப்போர் அங்கு குறைவாயினும், வரியின் போக்கைக் கேட்பதற்கு எவருக்கும் வழியுண்டு.

கணக்குக் கேட்கும் மரபு தமிழருக்குப் புதிதன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை, குடவோலை முறையை விளக்குகின்றன. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி அவருடைய உறவினரும் தகுதி இழந்தனர். அன்று அவ்வுரிமை நிலமும் கல்வியும் உடைய சிலருக்கே வாய்த்திருந்தது. இன்று வயது வந்த அனைவருக்கும் வாக்குரிமை உண்டு. தில்லியில் வார்டுகளில் பாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டுள்ளன. உரிமை விரிந்த அளவுக்குக் கணக்குக் கேட்கும் பழக்கம் விரிந்ததா என்பதே எண்ணிப் பார்க்கத்தக்கது.

செய்யத்தக்கவை

முதலாவதாக, மன்றத்தின் ஆயுள் முடிவதற்குள் தேர்தல் என்னும் விதிக்கு விலக்குத் தேடுவதை அனைவரும் கைவிட வேண்டும். இரண்டாவதாக, முடிவு வெளியான பின் மேயரும் நிலைக்குழுவும் எத்தனை நாட்களுக்குள் அமைய வேண்டும் என்பதைச் சட்டமே வரையறுத்தல் நலம். மூன்றாவதாக, வார்டுக் குழுக்கள் மக்களுக்கு இன்னும் நெருங்கி வர வேண்டும். தில்லியில் அவை பன்னிரண்டு மண்டலங்களின் அளவில் உள்ளன. 2011 ஆம் ஆண்டு மக்கள்தொகைப்படி ஒரு மண்டலத்தில் சராசரியாகப் பதின்மூன்று லட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்கின்றனர். இது ஒரு மாநகரின் மக்கள்தொகை. தெருவினர் கூடிப் பேசும் அளவன்று. தமிழ்நாடு 2022 இல் வார்டுக் குழுவுக்கும் பகுதி சபைக்கும் விதிகளை வகுத்துள்ளது. அம்முயற்சியின் நிறைகுறைகளை ஆராய்ந்து தலைநகரும் பயன் கொள்ளலாம். நான்காவதாக, ஒவ்வொரு வார்டின் வரவும் செலவும் எளிய மொழியில் ஆண்டுதோறும் மக்கள் முன் வைக்கப்பட வேண்டும்.

குடிமக்களின் கடமையும் இதில் உண்டு. வாக்களிக்காத பாதியினர் அவ்வாறு இருந்ததால் மன்றம் அமையாமல் போய்விடவில்லை. அவர்களுடைய தெருவைப் பற்றிய முடிவுகளை மற்றவர் எடுக்கின்றனர், அவ்வளவே. பிழைப்புக்காகத் தலைநகருக்கு வந்து குடியேறியவர்கள், ‘இது நம் ஊர்த் தேர்தல் அன்று’ என்று ஒதுங்குவதும் உண்டு. வரி செலுத்தும் இடமும், பிள்ளைகள் படிக்கும் இடமும், கொசுக் கடிக்கும் இடமும் எதுவோ, அதுவே நம் ஊர்.

வாக்குரிமையை அரசியலமைப்பு வழங்கிவிட்டது. அந்த வாக்குக்கு மதிப்பை அளிப்பவை உரிய காலத்தில் நடைபெறும் தேர்தலும், தடையின்றி இயங்கும் மன்றமும், மறைவின்றிக் காட்டப்படும் கணக்கும் ஆகும். இம்மூன்றும் உறுதியானால், அடுத்த மாநகராட்சித் தேர்தலன்று வாக்குச் சாவடிக்கு மக்களை எவரும் வற்புறுத்தி அழைக்க வேண்டியிராது.