இயந்திரமும் சுத்தமாக வேண்டும், கையும் முழுதாக வேண்டும்

(தேயிலைத் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கான பாதுகாப்புக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றிப் பேச இன்னும் இருவர் இருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பது ஸ்டோருக்குள்ளே நீங்கள் தினமும் கழுவித் துடைக்கும் ஓர் இயந்திரத்தை. அதுதான் ரோல் பிரேக்கர்.

அது செய்யும் வேலை உங்களுக்குத் தெரியும். ஆனாலும் ஏன் செய்கிறது என்பதைச் சொல்கிறேன். வாட்டிய கொழுந்தை ரோலரில் போட்டு ஏறத்தாழ 30 நிமிடம் அரைத்தால் சாறு வெளியே வருகிறது. அந்தச் சாறு பசைபோலப் பிடித்து, கொழுந்து உருண்டை உருண்டையாகத் திரண்டுவிடுகிறது. உருண்டைக்குள்ளே சூடு அடங்கி நிற்கும், காற்று போகாது. அப்படியே விட்டால் வெளி இலை ஒரு மாதிரியும் உள் இலை இன்னொரு மாதிரியும் நிறம் மாறும். அதனால்தான் உருண்டையை உடைத்து, ஆற்றி, சலித்து, தூளை ஒரு பக்கம் பிரித்து, பருவட்டான இலையைத் திரும்ப ரோலருக்கு அனுப்புகிறோம்.

இது தேயிலைக்கு மட்டும் உள்ள வேலையல்ல. உறைந்து கட்டியான பட்டாணி, ஒட்டிக்கொண்ட முந்திரிகை வற்றல், பேரீச்சம்பழம் எதுவானாலும், மொத்தமாகக் கிடப்பதைத் தனித்தனியாகப் பிரிக்க எங்கும் இயந்திரம் இருக்கிறது. எங்கும் தொல்லையும் ஒன்றுதான். ஒன்றோடொன்று ஒட்டுகிற பொருள் இயந்திரத்திலும் ஒட்டும்.

நம்முடைய சல்லடைக் கண்ணிலும், ஆணித் தலையிலும், தகடு மடியும் மூலையிலும் தங்கும் சாறு சில மணி நேரத்தில் புளித்துவிடும். அதில் கிருமி பெருகும். அடுத்த அரைப்பு அந்தச் சாற்றின் மேலேயே விழுகிறது. டிரையர் சூட்டில் கிருமி பெரும்பாலும் செத்துப்போகலாம். ஆனால் கெட்ட வாசம் தேயிலையை விட்டுப் போவதில்லை. கொழும்பில் தேயிலையைச் சுவைத்து விலை சொல்பவர் ஒரு மிடறிலேயே கண்டுபிடித்துவிடுவார், விலை இறங்கும். ஆகவே, நீங்கள் இரவில் தேய்த்துக் கழுவுவது தேயிலையின் விலைக்குள் அடங்கிய உழைப்பு. அது ஓய்வாகச் செய்யும் எடுபிடி வேலை அல்ல. இதை நிர்வாகம் வாய்விட்டுச் சொல்லாது, நாம்தான் சொல்ல வேண்டும்.

உணவுக்கான இயந்திரம் சுகாதாரமாக இருக்க வேண்டும் என்றால் என்ன? உட்புறம் வழவழப்பாக, துருப்பிடிக்காத எஃகில் இருக்க வேண்டும். ஒட்டு வைத்த இடம் தேய்த்துச் சமப்படுத்தப்பட வேண்டும். கழுவிய தண்ணீர் தேங்காமல் வடிய வேண்டும். கழன்று விழக்கூடிய ஆணியோ நட்டோ இலைக்கு நேர் மேலே இருக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அதைச் சுலபமாகத் திறந்து கழுவ முடிய வேண்டும்.

ஆபத்து இங்கேதான் இருக்கிறது, தோழர்களே. சுத்தம் செய்ய வேண்டுமானால் மூடியைத் திறக்க வேண்டும். திறந்தால் கை உள்ளே போகும். நல்ல முறையில் செய்த புதிய இயந்திரத்தில் மூடியைத் தூக்கினாலே மோட்டார் நின்றுவிடும், மூடும்வரை ஓடாது. பழைய இயந்திரங்கள் பலவற்றில் அந்த ஏற்பாடு கிடையாது. அங்கே ஒருவர் உள்ளே கைவிட்டு வழித்துக்கொண்டிருக்க, அதை அறியாத இன்னொருவர் சுவிட்சைப் போட்டால் போதும்.

இதற்கு வழி இருக்கிறது, பெரிய செலவும் இல்லை. மெயின் சுவிட்சை நிறுத்திப் பூட்டுப் போட வேண்டும். திறப்பு கழுவுகிறவரின் சட்டைப்பையில் இருக்க வேண்டும். இரண்டு பேர் கழுவினால் இரண்டு பூட்டு. கடைசி ஆள் கையை எடுத்து, காப்புத் தகட்டைத் திரும்பப் பூட்டிய பிறகே மின்சாரம். தண்ணீர்க் குழாய் பிடிக்கும் இடத்தில் இது இரட்டிப்பு அவசியம்.

சட்டமும் நம் பக்கம்தான். 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டம், ஆபத்தான இயந்திரப் பாகங்களுக்குக் காப்பு இருக்க வேண்டும் என்கிறது. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம், வேலையில் காயப்பட்டவருக்கு நட்டஈட்டு உரிமை தருகிறது. ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். விபத்து நடந்த மறுநாள், "காப்பை அவனே கழற்றினான்" என்று சொல்ல ஆள் இருப்பார்கள். ஆகவே, காப்பைக் கழற்றிவிட்டு ஓட்டும்படி யாராவது சொன்னால், திகதி, நேரம், சொன்னவர் பெயர் மூன்றையும் எழுதி அன்றைக்கே தோட்டத் தலைவரிடம் கொடுங்கள். எழுதத் தயங்குகிறவர்களுக்கு எழுதிக்கொடுக்க என்னைப் போன்ற ஆசிரியர்கள் இருக்கிறோம்.

ஆயுத பூசைக்கு இயந்திரத்துக்குச் சந்தனப் பொட்டு வைக்கிறோம். ரோதை முனிக்குப் பூசை போடுகிறோம். சுழலும் ரோதை ஆளை இழுத்துக்கொள்ளும் என்று கண்ணால் கண்டவர்கள் நம் முன்னோர். அந்தப் பயத்தில் அறிவு இருந்தது. பூசையை விட வேண்டாம். பூசையோடு பூட்டும் வேண்டும் என்கிறேன்.

நாம் நிர்வாகத்திடம் கேட்க வேண்டியவை நான்கு. கழுவும் நேரமும் வேலை நேரமாகவே கணக்கில் விழ வேண்டும், கழுவி முடிக்கவில்லை என்று அரைப் பேர் போடக் கூடாது. ஒவ்வோர் இயந்திரத்துக்கும் பூட்டும் திறப்பும் வேண்டும். தகடு வெட்டாத கையுறையும் வழுக்காத சப்பாத்தும் வேண்டும். கை கழுவச் சவர்க்காரமும் தண்ணீரும், ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி மலசலகூடமும் ஸ்டோருக்குப் பக்கத்திலேயே வேண்டும். தரச் சான்றிதழ் பரிசோதனைக்கு ஆள் வரும் நாளில் மட்டும் வெள்ளைத் தொப்பி கொடுப்பதைச் சுகாதாரம் என்று நாம் ஏற்க முடியாது.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு தோட்டத் தலைவரும் ஒரு தாள் கொண்டுவாருங்கள். உங்கள் ஸ்டோரில் எத்தனை இயந்திரம், எதில் காப்பு இல்லை, எதை ஓடும்போதே கழுவச் சொல்கிறார்கள் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். அந்தத் தாள்களைச் சேர்த்துத்தான் தொழில் திணைக்களத்துக்குக் கடிதம் எழுதப்போகிறோம்.